பூட்டிய கதவும் இறுகிய கால்களும்

கொள்ளைநோய் வந்தது, போய்விட்டது என்கிறார்கள். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 2023 மே 5 அன்று, உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று அதே நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளின் கணக்கைச் சர்க்கார்கள் எழுதி வைத்திருக்கின்றன. எத்தனை பேருக்கு நோய் கண்டது, எத்தனை பேர் மாண்டனர், எத்தனை கோடி ஊசி போடப்பட்டது என்று ஏடுகள் பேசுகின்றன. அந்த ஏடுகளில் நாம் தேடியும் காணாத கணக்கு ஒன்று உண்டு. காய்ச்சலே காணாமல், தொற்றே தீண்டாமல், வீட்டுக்குள் கிடந்தே கால் இறுகிப்போன குழந்தைகள் எத்தனை பேர்? பேச வேண்டிய வயதில் பேச்சுப் பயிற்சி நின்றுபோனதால் பேசாமலே போன குழந்தைகள் எத்தனை பேர்?

இந்தக் குழந்தைகள் யார்? பெரும்பாலும் நம்முடைய குழந்தைகள். பணம் படைத்தவன் வீட்டுக்கே நிபுணர் காரில் வருவார். சுமை தூக்குகிறவன், தறி ஓட்டுகிறவன், செங்கல் அறுக்கிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன் வீட்டில் பிறந்த குழந்தைக்கு, அரசு ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையும் வட்டார வள மையமும் சிறப்புப் பள்ளியும்தான் கதி. அந்தக் கதவுகள் 2020 மார்ச்சில் சாத்தப்பட்டன. சாத்தியவர்கள், உள்ளே வரவேண்டிய குழந்தைக்கு வேறு வழி என்ன என்று யோசிக்கவில்லை. நம்முடைய குற்றச்சாட்டு இதுதான். இதை எடுத்துச் சொல்ல ஆண்டுகள் கடந்துவிட்டன என்று யாரும் கூற வேண்டாம். அன்று இரண்டு வயதாக இருந்த குழந்தை, இழந்த காலத்தின் சுமையை வாழ்நாள் முழுவதும் சுமந்து நடக்கப்போகிறது, நடக்க முடிந்தால்!

மறுவாழ்வுப் பயிற்சி என்றால் ஏதோ பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையேகூட இருக்கிறார்கள். அது என்ன செய்கிறது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளை முடக்குவாதம் கண்ட குழந்தையின் தசை, முறுக்கிய கயிறு போல் இறுகிக்கொண்டே இருக்கும். எலும்பு வளரும், தசை அந்த வேகத்தில் நீளாது. நாள்தோறும் கை கால்களை அசைத்து, உட்காரவும் நிற்கவும் பழக்கி, தக்க காலணியும் பட்டையும் அணிவித்துக் கவனித்து வந்தால் மூட்டு ஓரளவு தன் நிலையில் நிற்கும். கவனிப்பு விட்டுப்போனால் முழங்கால் மடங்கிப்போகும், இடுப்பு மூட்டு விலகும். அதன் பிறகு அறுவைச் சிகிச்சை செய்தாலும் பழைய நிலை வருவது கடினம்.

பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்த குழந்தைக்கு, வாரம் ஒரு முறை மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் பாதத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக நிமிர்த்துகிறார்கள். நிமிர்ந்த பிறகும் நாலைந்து வயது வரை இரவுதோறும் விசேஷக் காலணி போட்டாக வேண்டும். வளர வளரக் காலணியின் அளவை மாற்றியாக வேண்டும். நடுவில் விட்டால் பாதம் மறுபடியும் வளையும். மாவுக்கட்டு போட வேண்டிய வாரத்தில் ஊரடங்கு என்றால், பாதம் ஊரடங்குக்காகக் காத்திருக்குமா?

காது கேளாத குழந்தையின் கதையும் இப்படித்தான். பிறந்த 1 மாதத்திற்குள் சோதனை, 3 மாதத்திற்குள் உறுதி, 6 மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவம் வகுத்துள்ள வரிசை. பல லட்சம் ரூபாய் விலையுள்ள காக்ளியர் கருவியை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் இலவசமாகப் பொருத்துகிறார்கள். பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் கருவி ஓசையைத்தான் தரும், பேச்சைத் தராது. ஓசையைச் சொல்லாக்கவும் சொல்லைப் பேச்சாக்கவும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பயிற்சி நின்றால் கருவி வெறும் கருவிதான்.

ஆகவே, இந்தச் சேவையில் காலம் என்பது மருந்து. மருந்துக் கடையைத் திறந்து வைத்தவர்கள், இந்த மருந்தின் கடையை மட்டும் பூட்டினார்கள்.

உலகெங்கும் இதே கதைதான் நடந்தது. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் விசாரித்தது. 63 சதவிகித நாடுகளில் மறுவாழ்வுச் சேவைகள் பகுதியாகவோ முழுதாகவோ குலைந்திருந்தன. உலகில் 24 கோடி குழந்தைகள், அதாவது பத்தில் ஒரு குழந்தை, ஏதோ ஒரு மாற்றுத்திறனுடன் வாழ்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2021-ல் கணக்குச் சொன்னது. நம் நாட்டில் 2011 மக்கட்தொகைக் கணக்குப்படி மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அதில் 19 வயது வரை உள்ளவர்கள் மட்டும் 78 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் எல்லா வயதினரும் சேர்ந்து ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம். இது பழைய கணக்கு. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய புதிய கணக்கை, அதே பெருந்தொற்றைக் காட்டித் தள்ளி வைத்தார்கள்.

நம் நாட்டில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

2020 மார்ச் 24 இரவு பிரதமர் பேசினார். நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு அடங்கியது. பேருந்து நின்றது, ரயில் நின்றது. சென்னையில் மாநகரப் பேருந்து மீண்டும் ஓடியது செப்டம்பர் 1 அன்றுதான். சொந்த வண்டி இல்லாத வீட்டுக் குழந்தைக்கு, ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றாகிவிட்டது.

ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை புதிய நெறிமுறை வெளியிட்டது. எவையெவை இயங்கலாம் என்ற பட்டியலில், மாற்றுத்திறனாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் இடம்பெற்றன. நல்லது. ஆனால் பள்ளிகளும் பயிற்சி நிறுவனங்களும் மூடியே இருக்க வேண்டும் என்றது அதே நெறிமுறை. மாற்றுத்திறன் குழந்தை என்றாலே ஏதோ ஒரு விடுதியில் அடைக்கப்பட்டிருக்கும் குழந்தை என்பதுதான் பட்டியல் எழுதியவர்களின் எண்ணம் போலும்! தாயின் இடுப்பில் ஏறி, பேருந்து பிடித்து, வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வந்து திரும்பும் குழந்தை அவர்கள் கண்ணில் படவே இல்லை.

பள்ளி மூடியதால் படிப்பு மட்டுமா போயிற்று? அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைச் சோதித்து, குறை கண்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடந்து வருகிறது. அங்கன்வாடியும் பள்ளியும் மூடிக் கிடந்தால் அந்தக் குழு எங்கே போய்ச் சோதிக்கும்? பயிற்சியில் இருந்த குழந்தை பயிற்சியை இழந்தது. குறை கண்டுபிடிக்கப்பட வேண்டிய குழந்தை கண்டுபிடிப்பையே இழந்தது.

நிவாரணம் தந்தோமே என்பார்கள். பார்ப்போம். மார்ச் 26 அன்று மத்திய நிதி அமைச்சர் 1 லட்சத்து 70 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். அதில் முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஆளுக்கு 1000 ரூபாய். யாருக்கு? மத்திய சர்க்காரின் ஓய்வூதியப் பட்டியலில் இருப்பவர்களுக்கு. அந்தப் பட்டியலில் மாற்றுத்திறனாளி ஒருவர் சேர வேண்டுமானால் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவிகிதக் குறைபாடு இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆக, குழந்தைக்கு அதில் ஒரு காசும் கிடையாது! மாநில சர்க்கார் 2020 ஜூனில் அடையாள அட்டை வைத்திருப்போருக்கு 1000 ரூபாய் அறிவித்தது. அட்டை இல்லாத குழந்தை என்ன செய்யும்? அட்டை வாங்க மருத்துவக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். பேருந்து இல்லாத நாளில் எப்படிப் போய் நிற்பது?

"கொள்ளைநோய்க் காலத்தில் வேறு வழி என்ன? உயிர் முக்கியமா, உடற்பயிற்சி முக்கியமா?" என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்வோம். முதல் சில வாரங்களில் யாருக்கும் நோயின் போக்குத் தெரியவில்லை. தொட்டுச் செய்யும் பயிற்சி தொற்றுக்கு வழி செய்யும் என்ற பயமும் நியாயமானதே. குழந்தைகளைக் கூட்டமாக உட்கார வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவப் பணியாளர்களைக் கொரோனா வார்டுகளுக்கு அனுப்ப வேண்டி வந்ததும் உண்மை.

ஆனால் அந்தச் சில வாரங்கள் கழிந்த பிறகு? 2020 மே 7 அன்று தமிழ்நாட்டில் மதுக்கடை திறந்தது. உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதும் சர்க்கார் உச்சநீதிமன்றம் வரை ஓடிச்சென்று அனுமதி வாங்கி மீண்டும் திறந்தது. வரிசையில் நிற்க வட்டம் போட்டார்கள், காவல் போட்டார்கள். 1 முதல் 8-ஆம் வகுப்புவரை உள்ள குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது எப்போது? 2021 நவம்பர் 1 அன்று! புட்டிக்கு வட்டம் போடத் தெரிந்த கைகளுக்கு, முகக்கவசம் அணிந்த ஒரு பயிற்சியாளரை நேரம் குறித்து ஒவ்வொரு குழந்தையாகப் பார்க்க வைக்கத் தெரியாதா? தெரியும். குழந்தை வருமானம் தருவதில்லை. அதனால் அதற்காக எந்தக் கோப்பும் உச்சநீதிமன்றம் வரை ஓடவில்லை.

தொலைபேசி வழியே பயிற்சி தந்தார்கள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. அக்கறையுள்ள பயிற்சியாளர்கள் பலர் படத்தைக் காட்டியும் பேசியும் தாய்மாருக்கு வழி சொன்னார்கள். அவர்களுக்கு நம் நன்றி. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போனை அப்பன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறான். வேலை இல்லாத மாதத்தில் அந்தப் போனுக்குப் பணம் கட்ட முடிவதில்லை. மேலும், இறுகிய காலைப் போன் நீட்டிவிடாது; கை வேண்டும். அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுக்க நேரில் ஒருவர் வர வேண்டும்.

வர முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. இளம்பிள்ளை வாதம் குழந்தைகளை முடமாக்கிய நாட்களை நம் பெரியவர்கள் அறிவார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பதை அந்நோய் கற்பித்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். பின் மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. சொட்டு மருந்தால் இளம்பிள்ளை வாதத்தை விரட்டினோம். 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் அந்நோயால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை என்று 2014-ல் சான்று பெற்றோம். சான்றை மாட்டி வைத்தோம், பாடத்தை மறந்தோம்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர் தொடங்கிய அமைப்பு அது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து, அவர்களை வீடு வீடாக அனுப்பிக் குழந்தைகளைப் பழக்கும் முறையைக் கொள்ளைநோய்க்கு முன்பே அங்கு நடத்தி வந்தார்கள். மாநில சர்க்காரும் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. படுக்கையில் கிடக்கும் பெரியவரைத் தேடி வர முடியுமானால், எழுந்து நிற்க வேண்டிய குழந்தையையும் தேடி வர முடியும். 2021 ஆகஸ்டில் முடிந்தது 2020 ஜூனில் முடிந்திருக்காதா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். தோழர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஊரடங்கை எந்தச் சட்டத்தின் பேரில் போட்டார்கள்? 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பேரில். அந்தச் சட்டம் அமைத்த மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சித் தலைவர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது. அந்த மாவட்ட ஆணையமே, மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் பற்றிய விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. வீட்டைப் பூட்ட அதிகாரம் பெற்ற ஆணையத்துக்கே, பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் குழந்தையைத் தெரிந்துவைத்திருக்கும் கடமையும் உண்டு என்று இதற்குப் பொருள். அதிகாரத்தை ஒரே இரவில் பயன்படுத்தினார்கள். கடமை என்ன ஆயிற்று?

அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு மறுவாழ்வுச் சேவை பற்றிப் பேசுகிறது. சர்க்கார் 'தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' அதைச் செய்யுமாம்! கைவிரிக்க நினைக்கும் அதிகாரிக்கு இந்தச் சொற்கள் போதும். உரிமை என்று முன்பக்கத்தில் எழுதி, பணமிருந்தால் என்று பின்பக்கத்தில் எழுதுவது உரிமை ஆகாது. இந்தச் சொற்கள் போக வேண்டும்.

நாம் கேட்பது வானத்து நிலவை அன்று. அடுத்த கொள்ளைநோயோ, வெள்ளமோ, புயலோ வருமுன் செய்ய வேண்டியவை ஐந்து.

முதலாவது: குழந்தைகளின் மறுவாழ்வுப் பயிற்சியை அத்தியாவசியச் சேவை என்று இன்றே அறிவிக்க வேண்டும். பால், மருந்து, மின்சாரம் இருக்கும் பட்டியலில் இதுவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது: மையம் மூடப்படும் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பயிற்சியாளர் குழந்தையின் வீட்டுக்குச் செல்லும் ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்கு வாகனமும் பாதுகாப்புக் கவசமும் தர வேண்டும்.

மூன்றாவது: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உழைக்கும் சிறப்பாசிரியர்களையும் இயன்முறைப் பயிற்சியாளர்களையும் தொகுப்பூதியத்தில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு நிரந்தர வாழ்வு தரச் சொல்வது நியாயமா? அவர்களை நிரந்தரமாக்க வேண்டும். அவர்களும் தொழிலாளர்கள், அவர்களுடைய போராட்டம் நம்முடைய போராட்டம்.

நான்காவது: மத்திய ஓய்வூதியத்தின் 18 வயது வரம்பையும் 80 சதவிகித வரம்பையும் நீக்கி, குழந்தையின் பராமரிப்புக்குப் பணம் தர வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய் கூலியை விட்டுத்தான் வீட்டில் இருக்கிறாள் என்பதை மறக்கக்கூடாது.

ஐந்தாவது: காலணி, காலிபர், காதுக் கருவி, சக்கர நாற்காலி ஆகியவற்றைப் பழுதுபார்க்கவும் அளவு மாற்றவும் வட்டந்தோறும் வசதி வேண்டும். உலக வங்கிக் கடனுடன் மாநில சர்க்கார் எடுத்துள்ள 'உரிமைகள்' திட்டம் இதை முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

சர்க்காரிடம் கேட்டாயிற்று. நம் தோழர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது.

இத்தகைய குழந்தை பிறந்தால் 'முன்வினைப் பயன்' என்று உறவினர் சொல்லுவர். மந்திரித்துக் கயிறு கட்டுவோரிடம் அழைத்துப் போவர். அங்கே கழியும் ஆறு மாதம் குழந்தையின் ஆறு மாதம். தசைக்கு வினை தெரியாது, பயிற்சிதான் தெரியும். பகுத்தறிவை மேடையில் பேசும் தோழர், இந்த வீட்டுத் திண்ணையிலும் பேச வேண்டும்.

பயிற்சி முழுவதையும் தாயின் தலையில் போட்டுவிட்டு வெளியே போகும் தகப்பன்மார் உண்டு. எட்டு வயதுக் குழந்தையைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்த தாய்மாரை நம் தெருக்களில் பார்க்கிறோம். மூட்டை தூக்கும் தோளுக்குக் குழந்தை சுமையா? பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கும்போது தகப்பனும் பக்கத்தில் இருந்து கற்க வேண்டும். அதற்காக மாதத்தில் இரண்டு அரைநாள் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். போனஸ் கேட்கத் தெரிந்த சங்கத்துக்கு இதையும் கேட்கத் தெரியும்.

கட்சிக் கிளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் வார்டிலும் ஊரிலும் இத்தகைய குழந்தைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று எழுதுங்கள். அடையாள அட்டை இருக்கிறதா, பயிற்சி நடக்கிறதா, கருவி வேலை செய்கிறதா, கொரோனா நாட்களில் எத்தனை மாதம் விட்டுப்போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்சி பார்க்காதீர்கள், சாதி பார்க்காதீர்கள். பட்டியல் முடிந்ததும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்துக்கொண்டு போங்கள். ஆட்சித் தலைவரிடம் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "8-ஆம் பிரிவு சொல்லும் பதிவேடு எங்கே? எங்கள் பட்டியலில் உள்ள குழந்தைகளின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா?"

இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால், உங்கள் பட்டியலை மேசைமீது வைத்து, அந்தப் பெயர்கள் ஏறும்வரை திங்கள்தோறும் போங்கள். அடுத்த முறை கதவைப் பூட்ட ஆணை பிறக்கும்போது, பூட்டுகிற கைக்கு உள்ளே இருக்கும் குழந்தையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.